கோணலாக ஒரு கிளி

போன வாரம் யாமினியைக் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். கடலூரிலிருந்து வரும் பஸ்கள் கூட்டத்தைச் சாக்குச் சொல்லி நிற்காமல் போகின்றன. ஆடிக் காற்று புடவைத் தலைப்பை ஒரு பக்கமும் கைப்பையை இன்னொரு பக்கமும் இழுக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. யாமினிக்கு நாற்பத்து மூன்று வயது. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பின்தெருவில் இருக்கும் ஓர் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர். கண்ணாடிப் படம், நகைப்பெட்டி, பீங்கான் ஜாடி, பல்லக்கு என்று அந்தக் காலத்தில் வீடுகளை அழகாக்கிய சாமான்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வயதைக் கண்டுபிடித்து, கண்ணாடிக்குள் கொண்டுவந்து வைப்பது அவள் வேலை. எட்டு வருடமாக ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. வீட்டில் கிடைக்கிற நேரத்தில் ஓவியம் வரைகிறாள்.

அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கல்யாணக் கூடம் அமைக்கிறார்கள். அது நன்றாக அமைந்தால் யாமினிக்கு வேலை நிரந்தரம் என்று இயக்குநர் டேனியல் சொல்லியிருக்கிறார். கூடத்தின் நடுவில் வைக்க அவள் தேர்ந்தெடுத்தது, வில்லியனூரில் தன் பிறந்த வீட்டுக் கடையில் சும்மா கிடக்கும் பழைய மர மணவறையை. சொந்த வீட்டுச் சாமானுக்குத் தானே மதிப்புப் போடக்கூடாது என்று வெளியாளை அழைத்துவரச் சொன்னதும் அவள்தான்.

அந்த வெளியாள் யார் தெரியுமா? ஓவியர் அரிகரன். பார்த்துச் சொல்லும்படி யாமினி கொடுத்திருந்த தன் ஆறு படங்களைப் போன மாதம் திருப்பி அனுப்பிய அதே அரிகரன்.

"கை சுத்தமா இருக்கும்மா. ஆனா உங்க படம் யாரையும் திரும்பிப் பார்க்கலையே" என்று அவர் சொன்னது இன்னும் காதில் குடைந்துகொண்டிருக்கிறது. இன்று பகலில் அவரும் டேனியலும் வில்லியனூருக்கு வருகிறார்கள்.

காலையில் கிளம்பும்போது கணவன் கௌதம் வேறு சும்மா இருக்கவில்லை.

"இந்தத் தபா நிரந்தரம் பண்ணலன்னா விட்டுடு யாமினி. தெனம் பஸ்ஸுல அல்லாடிக்கினு, வந்தா ராத்திரி பெயிண்ட்டும் கையுமா ஒக்காந்துக்கினு... இன்னா கண்டே?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். உண்மையில் அவளுக்கே தெரியவில்லை, என்ன கண்டாள் என்று.

ஒருவழியாக ஒரு பஸ் நின்றது. ஏறிக்கொண்டாள்.

புதுச்சேரியில் பஸ் மாறி வில்லியனூர் தேரடியில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. 'தெய்வசிகாமணி பந்தல் ஸ்டோர்ஸ்' என்ற பலகை காற்றில் தடதடத்தது. தெய்வசிகாமணி யாமினியின் அப்பா. அவர் போய்ப் பல வருடமாகிறது. கடையை இப்போது தம்பி நரேஷ் பார்த்துக்கொள்கிறான். கல்லாவில் அம்மா ஜெயமணி. ஆடி மாதம், கல்யாணம் காட்சி கிடையாது. நாற்காலிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன.

"வாடி, வா. மூஞ்சி ஏன் இப்டி வாடிக் கெடக்குது? சாப்ட்டியா இல்லியா?" என்றாள் ஜெயமணி.

"அப்புறம் சாப்புடறேன்மா. நரேஷ் எங்க?"

"குடோன்ல. மூணு நாளா அங்கயேதான் கெடக்கறான். நீ வந்து பாக்கணுமாம், என்னைக்கூட உள்ள வுடல."

குடோன் கடைக்குப் பின்னால். யாமினி முற்றத்தைத் தாண்டும்போதே அந்த வாசனை மூக்கில் ஏறியது. எனாமல் பெயிண்ட் வாசனை. புதிது.

பந்தல் கடையில் பெயிண்ட் வாசனை அடிப்பது பெரிய விஷயமா, ஆடியில் அண்டா குண்டான் முதல் அலங்கார வளைவு வரை எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற காலம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள்.

"வா வா வா! கண்ண மூடிக்கினு வாக்கா!" நரேஷ் கதவைத் திறந்தான். முப்பத்தெட்டு வயது ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரித்தான். முழங்கை வரை மெரூன் கலர்.

மணவறை நின்றது.

நாலு தூணும் தங்கக் கலரில் மின்னின. தூண்களுக்கு மேலே நாலு பக்கமும் நாலு பலகை. முன்பக்கப் பலகை முழுக்க மெரூன், அதன் நடுவில் மஞ்சள் எழுத்தில் 'நல்வரவு'. இடது பக்கமும் வலது பக்கமும் வெறும் மெரூன், ஓரத்தில் தங்கப் பட்டை. பின்பக்கத்தை ஒரு பெட்ஷீட் மூடியிருந்தது.

அந்தப் பலகைகளில் என்ன இருந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். இடது பக்கம் மாலை ஏந்திய யானைகள். வலது பக்கம் பூந்தொட்டிகளும் மயில்களும். முன்பக்கம் கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியக்காரர்கள் ஏழு பேர், தலையில் பிரெஞ்சு சிப்பாய்த் தொப்பி, இடுப்பில் வேட்டி, காலில் பூட்ஸ். அந்த ஏழு பேருக்காகத்தான் யாமினி இந்த மணவறையைத் தேர்ந்தெடுத்தாள். அப்படியொரு கல்யாண ஊர்வலம் வேறு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

"எப்டிக்கா? மியூசியத்துல இருந்து வர்றவங்க அசந்துடுவாங்கல்ல?"

யாமினி மூன்று பலகைகளையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தாள்.

"படம் எங்கடா?"

"இன்னா படம்?"

"பலகையில இருந்த படம்! யானை, மயிலு, பேண்டு செட்டு. எங்கடா அதெல்லாம்?"

"அது மங்கிப் போயி அழுக்கா கெடந்துதுக்கா. அப்டியே குடுத்தா நம்ம கடைக்கு அசிங்கமில்ல?"

அவள் மூலையில் இருந்த தின்னர் டப்பாவையும் பழைய துணியையும் எடுத்தாள். ஏணியில் ஏறி முன்பலகையின் ஓரத்தைத் துடைத்தாள். நேற்று அடித்த பெயிண்ட், வந்துவிடும். அடியில் படம் இருக்கும். அது பிசினில் குழைத்த கல்பொடி வண்ணம், தின்னர் அதைத் தொடாது. மெரூன் கரைந்து துணியில் வந்தது. அடியில் வெள்ளை பிரைமர் வந்தது. அதற்கடியில் மரம் வந்தது.

வெறும் மரம்.

"நரேஷ், பிரைமருக்கு முன்னாடி இன்னாடா பண்ணே?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். இன்னாக்கா கேள்வி இது? தேய்க்காம பூசினா உரிஞ்சி வந்துடாது? ரெண்டு நாளு தேய்ச்சேன். கையைப் பாரு."

கையைக் காட்டினான். விரல் முட்டியெல்லாம் தோல் போயிருந்தது. ஏனோதானோ என்று வேலை செய்கிற ஆளாக இருந்திருந்தால் யானைகள் பிழைத்திருக்கும். அவன் நல்ல வேலைக்காரன்.

யாமினி பலகையின் விளிம்பு முழுக்கத் துடைத்துப் பார்த்தாள். ஏழு வாத்தியக்காரர்களில், சட்டத்தின் இடுக்கில் ஒளிந்திருந்த ஒரு தொப்பியின் நுனி மட்டும் கிடைத்தது. நகத்தளவு நீலம்.

அவ்வளவுதான், ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு அறிவு இருக்காடா? நூறு வருஷத்துச் சாமான்டா அது! என் எட்டு வருஷ உழைப்புடா!"

"இன்னாக்கா இப்டி பேசறே?" நரேஷுக்கும் கோபம் வந்தது. "சாமான் வெளிய போவுதுல்ல? நம்ம கடைச் சாமான் என்னிக்கு ஒரு பூச்சு இல்லாம வாசப்படி தாண்டிச்சு? அப்பா வுட்டாரா? ஒரு பெஞ்சுக்காவது வுட்டிருப்பாரா?"

அந்தக் கடையில் அதுதான் சட்டம். வாடகைக்குப் போகிற எந்தச் சாமானும், பெயிண்டோ வார்னிஷோ, ஒரு பூச்சு வாங்காமல் தெருவைப் பார்க்காது. வாங்கிப் போகிறவன் வீட்டுக் கல்யாணத்தில் பழசாக எதுவும் நிற்கக்கூடாது. அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தான் அவளும். எத்தனையோ வீடுகளில் 'தூசியைக்கூடத் துடைக்காதீங்க' என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தவள், தன் தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள். அவனும் அக்காவுக்குத் தெரியாதா என்று பூசிவிட்டான்.

சத்தம் கேட்டு ஜெயமணி வந்து நின்றாள். மணவறையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"பின்னாடிப் பலகைய இன்னாடா பண்ணே? அதுமேல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன்னு சொன்னேனே."

"அத தொடலம்மா. நீதான் சொன்னியே."

நரேஷ் பெட்ஷீட்டை இழுத்தான்.

கிளிகள். அரசமரக் கிளையில் ஒன்பது பச்சைக் கிளிகள். எட்டு கிளிகள் பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிளி மட்டும் தலையைத் திருப்பி, பார்க்கிறவர் முகத்தையே பார்த்தது. வார்னிஷும் கற்பூரப் புகையும் ஏறி, பச்சை கறுத்து, ஆழமாக இருந்தது.

"இது உன்னுதுன்னுதான்க்கா வுட்டேன்" என்றான் நரேஷ், குரல் இறங்கி. "நீ போட்டதாச்சே."

யாமினி சிரித்துவிட்டாள். அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. இருந்த நாலு பலகையில் மூன்று பழசு. ஒன்று மட்டும் புதுசு. தம்பி பழசு மூன்றையும் தேய்த்துவிட்டு, புதுசைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறான்.

அது அவள் பதினேழு வயதில் போட்டது. கரையான் தின்ற பின்பலகையை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில்தான் கவனித்தார்கள். அப்பா வெளியூர் போயிருந்தார். சாயங்காலம் மணவறையை ஏற்ற வண்டி வந்து வாசலில் நின்றுவிடும். இடித்த வீட்டுக் கதவிலிருந்து ஒரு பலகையைப் பிடுங்கி, மிச்சமிருந்த கல்பொடியைக் குழைத்து, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து அவள் வரைந்துகொண்டே போக, அம்மா பக்கத்தில் நின்று முறத்தால் விசிறிக் காய வைத்தாள். நல்லா இருக்கிறதா என்று பார்க்கக்கூட நேரமில்லை. வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது.

டேனியல் வெள்ளைச் சட்டையில், எப்போதும் போல நிதானமாக இறங்கினார். அவருக்குப் பின்னால் அரிகரன். எழுபதைத் தாண்டிய மனிதர், தோளில் ஜோல்னாப் பை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஜெயமணி கொடுத்த மோரை இருவரும் வாங்கிக்கொண்டார்கள். டேனியல் டம்ளரோடு குடோனுக்குள் வந்தவர், குடிக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன யாமினி இது?"

"தம்பி பூசிட்டான் சார். தப்பு என் மேலதான். முன்னாடியே நான் சொல்லி வெச்சிருக்கணும்." மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "அடியில எதுவும் இல்லை. துடைச்சுப் பார்த்துட்டேன்."

"நல்வரவு" என்று டேனியல் மெதுவாகப் படித்தார். அதில் கிண்டல் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நரேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

அரிகரன் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மணவறையைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். அவர் போனது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை யாமினி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

"டேனியல்! இங்க வாங்க!"

எல்லோரும் ஓடினார்கள். அரிகரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"இத மட்டும் விட்டுட்டான் புண்ணியவான்! பாருங்க இந்த ஒரு கிளியை. எட்டு கிளி சும்மா. இந்த ஒண்ணு திரும்பிச்சு பாருங்க, அந்த ஒரு திருப்பத்துல மொத்தக் கிளையும் ஆடுது. எவனோ ஒரு மகாராசன், அவசரத்துல போட்டிருக்கான். கோடு அங்கங்க தப்பியிருக்கு. ஆனா பயமே இல்லை. இந்த மாதிரி நம்ம காலத்துல ஒருத்தன் வரையட்டும் பார்க்கலாம்!"

"எந்தக் காலத்தது சார்?" என்றார் டேனியல்.

"மரம் பழசு. வண்ணம் கல்பொடி. நூறு வருஷத்துக்குக் குறையாது."

டேனியலின் முகம் தெளிந்தது. டம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"இது ஒண்ணு போதும் யாமினி. தூண், கூரையெல்லாம் வேண்டாம், இந்தப் பலகையை மட்டும் தனியா மாட்டி விளக்குப் போட்டா கல்யாணக் கூடத்துக்கு அதுவே அழகு." அப்புறம் நினைவு வந்தவர் போல, "நாலுல ஒரு பலகை பிற்காலத்ததுன்னு உங்க குறிப்புல இருந்ததே. அது அந்த மூணுல ஒண்ணாத்தான் இருந்திருக்கும், இல்லையா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

நரேஷ் அக்காவையே பார்த்தான். அவன் கண் கெஞ்சியது. ஜெயமணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அது யாமினிக்குத் தெரியும். நிரந்தர வேலை, கல்யாணக் கூடம், கௌதமுக்குச் சொல்ல ஒரு பதில், எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தது.

"இல்ல சார். பிற்காலத்தது இதுதான்."

"இதுவா?"

"இது நான் வரைஞ்சது. பதினேழு வயசுல."

நேர்மைக்காகச் சொன்னாளா, பெருமைக்காகச் சொன்னாளா என்று நீங்கள் கேட்டால் நான் பாதிக்குப் பாதி என்பேன். 'எவனோ ஒரு மகாராசன்' என்று அரிகரன் சொன்னபோது அவள் உடம்பு முழுக்க ஓடிய சூடு, நிரந்தர வேலையை நினைத்தபோது ஓடவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

காற்று குடோன் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அரிகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு ஆறு படம் குடுத்தீங்களே, அத யாரும்மா வரைஞ்சது?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் குத்தியது. ஒவ்வொரு படத்தையும் மாதக்கணக்கில் அழித்து அழித்து வரைந்திருந்தாள் யாமினி. ஒரு கோடு தப்பவில்லை.

"அதுவும் நான்தான் சார்" என்றாள்.

காருக்குப் போகும்போது டேனியல் அவளைத் தனியாக அழைத்தார். அரிகரன் ஏற்கெனவே காருக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி யாமினி. நீங்க சொல்லலன்னா நாங்க கண்டுபிடிச்சிருக்கவே மாட்டோம்."

"தெரியும் சார்."

"அதுதான் பிரச்சினை." அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அரிகரன் சாரோட கண்ணையே உங்க கை ஏமாத்திடும்னா, எட்டு வருஷமா நீங்க கொண்டுவந்து சேர்த்த கண்ணாடிப் படம், வண்ணப் பெட்டி, பல்லக்குக் கதவு... நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

முதலில் யாமினிக்கு அது புரியவில்லை. புரிந்தபோது இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"சார், அதுல ஒண்ணுகூட என் கை படலை. ஒரு புள்ளிகூட!"

"நான் நம்பறேன். ஆனா நான் நம்பினா போதாது. திங்கட்கிழமை வாங்க. அரிகரன் சார் முன்னாடி உட்கார்ந்து இதே மாதிரி ஒரு கிளி வரைஞ்சு காட்டுங்க. உங்க கை இப்போ எப்படியிருக்குன்னு அவர் பார்க்கட்டும். பார்த்துட்டு ஸ்டோர்ல இருக்கறதை எல்லாம் ஒரு தடவை பார்ப்பார். அதுவரைக்கும்..." சங்கடமாக நிறுத்தினார். "ஸ்டோர் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

யாமினி கைப்பையைத் திறந்தாள். சாவிக்கொத்து அடியில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பிடித்து இழுத்துக் கொடுத்தாள். கார் தேரடி தாண்டி மறையும் வரை அங்கேயே நின்றாள்.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?" என்றாள் ஜெயமணி, தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே. "கேட்டாங்களா உன்ன? இதா நான்தான், இதா நான்தான்னு போயி நிக்கற!"

"அம்மா, போதும்."

"போதும்தான். சாப்புடு மொதல்ல."

இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நரேஷ் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினான்.

"உன் பொழப்ப நான் கெடுத்துட்டேன்க்கா."

"நீ கெடுக்கலடா. நானே குடுத்துட்டு வந்துட்டேன்."

"இப்ப இன்னா ஆவும்?"

யாமினி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் வாய்விட்டு யோசித்தாள்.

"திங்கக்கெழம நான் வரையற கிளி நல்லா வந்துதுன்னு வெச்சுக்கோ, இந்தக் கை எதை வேணா போட்டிருக்கும்னு ஆயிடும். எட்டு வருஷத்துச் சாமானும் சந்தேகம். நான் தொட்ட எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. கிளி மோசமா வந்தா, பதினேழு வயசுல ஏதோ ஒரு நாளு தற்செயலா வந்துச்சு, இப்ப இவளால ஒண்ணும் ஆகாதுன்னு வுட்டுடுவாங்க. வேல தப்பிக்கும்."

நரேஷ் முகம் மலர்ந்தது.

"அவ்ளோதானே! கோணலா ஒண்ணு போட்டுட்டு வந்துடுக்கா. அதுக்கா கவல?"

"உன் அக்காவுக்கு அதுதான் கஷ்டம்" என்றாள் ஜெயமணி. "மோசமாப் போட அவளுக்கு எங்க வரும்? ஒரு கோலத்துல புள்ளி தப்பினாலே மூணு தடவ அழிப்பா."

"இல்லம்மா, வரும்" என்றாள் யாமினி. மனசுக்குள் ஆறு படங்களும் வரிசையாக வந்து நின்றன. உயிரில்லாத படம் போடுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருக்கிறதே! ஆனால் அரிகரன் முன்னால் அத்தனை சுத்தமாகப் போட்டால், வேண்டுமென்றே அடக்குகிறாள் என்று அந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார். நிஜமாகவே மோசமாக வர வேண்டும். கைக்குப் பழக்கினால்தான் வரும்.

"நரேஷ், அந்த இடது பக்கப் பலகையைக் கழற்று."

மெரூன் பலகையைக் கழற்றி முற்றத்தில், மாலை வெயிலில் சுவரோரமாகச் சாய்த்தான். கடையில் இருந்த பச்சை எனாமலைத் திறந்தான். பந்தல் கடைப் பிரஷ், முனை விரிந்த முரட்டுப் பிரஷ்.

"இதுல வேணாம்க்கா, நல்ல பிரஷ் வாங்கியாரட்டா?"

"இதுவே போதும். மோசமாத்தானே போடணும்."

அவள் யோசிக்காமல் ஒரு இழுப்பு இழுத்தாள். அலகு தடித்துப் போயிற்று. அழிக்கவில்லை. கழுத்தை வேண்டுமென்றே திருகினாள். ஒரு கால் குட்டை, ஒரு கால் நெட்டை. வாலை ஒரே வீச்சில் விசிறினாள், பெயிண்ட் சொட்டி ஒழுகியது. ஒழுகட்டும். காற்று தலைமுடியைக் கண்ணில் போட்டது. அதை ஒதுக்கக்கூட நிற்கவில்லை. பச்சைக் கறை நெற்றியில் ஏறியது.

"ஐயே, இன்னாக்கா இது, கோழி மாதிரி இருக்குது!" நரேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். யாமினியும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், கையில் பிரஷோடு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிளிக்குக் கண்ணை வைத்தாள். சரியான இடத்தில் இல்லை, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கோணலாக, ஒரு குத்து.

நரேஷின் சிரிப்பு நின்றுபோனது.

ஜெயமணி காபி டம்ளரோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். யாமினி பிரஷைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து திரும்பிப் பார்த்தாள்.

கிளி கோணல்தான். அலகு தடிப்புதான், கால் குட்டைதான். ஆனால் யார் கூப்பிட்டதென்று பார்க்கிற மாதிரி, அது தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி பறந்துவிடும் போலிருந்தது.

வந்துவிட்டது! இருபத்தாறு வருடம் கழித்து வந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கை சில்லிட்டிருந்தது.

"அக்கா, திங்கக்கெழம இத மட்டும் போட்டுடாதே."